ஆறு வயதில் முளைக்கும் நாலு பல்

ஆறு வயது நடக்கும்போது பிள்ளைகளின் வாயில் நாலு பல் புதிதாக வரும். பால் பல் விழுந்து அந்த இடத்தில் முளைப்பவை அல்ல இவை. பால் கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால் வெறுமனே கிடக்கும் ஈறில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக வந்து உட்காரும். முன்பல் ஆடத் தொடங்கினால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவது வரை ஒரு விசேஷம் போல நடக்கும். இந்தக் கடைவாய்ப்பல் வந்ததை மட்டும் பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. கண்ணில் பட்டாலும், அதுவும் பால் பல்தான், விழுந்து முளைக்கத்தானே போகிறது என்று விட்டுவிடுவார்கள். அது விழாது. அறுபது, எழுபது வயது வரை சோறு மென்று தரவேண்டிய பல் அது.

அந்தப் பல் முளைக்கும்போதே பழுதோடு முளைப்பது உண்டு. சொத்தை அல்ல, சொத்தை பிடிக்க அதற்கு நேரமே கிடைத்திருக்காது. ஈறைவிட்டு முழுதாக வெளியே வருவதற்கு முன்பே அதன்மேல் வெள்ளையாகவோ, சந்தன நிறத்திலோ, மஞ்சளாகவோ, பழுப்பாகவோ ஒரு திட்டு இருக்கும். நாலு பல்லிலும் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம். ஏழு, எட்டு வயதில் வரும் முன்பல்லிலும் அதே மாதிரி ஒரு திட்டு பல சமயம் கூடவே வரும்.

மருத்துவத்தில் இதற்கு மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன் என்று பெயர், சுருக்கமாக எம்.ஐ.எச். கடைவாய்ப்பல்லிலும் முன்பல்லிலும், பல்லின் வெளி ஓடான எனாமலுக்குத் தேவையான தாதுச்சத்து சரியாகச் சேராமல் போன நிலை. 2001-இல்தான் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். எதையெல்லாம் இதில் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்று 2003-இல் ஏதென்ஸில் கூடி வரையறுத்தார்கள். பழுது அதற்கு முன்பே இருந்ததுதான். சுவீடனில் 1970-இல் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இதைப் பார்த்ததாக 1987-லேயே எழுதியிருக்கிறார்கள். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 13, 14 என்று கணக்கு வருகிறது. சென்னைப் பள்ளிகளில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு இருந்தது. அப்படியானால் முப்பது பேர் இருக்கும் ஒரு மூன்றாம் வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். இதை அபூர்வ நோய் என்று யாரும் சொல்ல முடியாது.

நான் காங்கேயத்தில் பல் வைத்தியம் பார்க்கிறேன். பி.டி.எஸ். முடித்த பொது டாக்டர், குழந்தைகளுக்கென்று தனியாக மேற்படிப்பு படித்தவள் அல்ல. ஊதியூர், முத்தூர், வெள்ளகோவில் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான். இந்தப் பல்லை முதலில் பார்க்கிற ஆள் கோயம்புத்தூரில் இருக்கும் நிபுணர் இல்லை. என்னைப் போன்ற தாலுகா ஊர் டாக்டர்தான். அந்த முதல் பார்வையில் இது இன்னதென்று தெரிந்துவிட்டால் பல்லும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை பத்து வயதுக்குள் நாலைந்து கிளினிக் ஏறி இறங்கிவிடும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழரை வயது. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பையன் வளர்வது அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில். அந்த அம்முச்சிதான் கூட்டி வந்திருந்தார்.

"ஏனுங் டாக்டரம்மா, இவன் எந்நேரமும் ஒரு பக்கமாவேதான் மெல்றானுங்க. ஐஸ் குடுத்தாக்கூட வேண்டாங்கறான். பல்லு வெளக்கச் சொன்னா ஒரே அழுகை. எப்பப் பாத்தாலும் முட்டாயி திங்கற புள்ளையும் இல்லீங்க. பூச்சி எப்படீங்க வரும்?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நோய்க்குறிப்பு. ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லும் ஏழு வயதுப் பிள்ளையை அலட்சியமாக விடக் கூடாது. பல் துலக்க அழுகிற பிள்ளை சோம்பேறி என்று நினைத்துவிடுகிறோம்; பச்சைத் தண்ணீர் பட்டாலே சுரீரென்று கூசும் பல்லில் பிரஷ் வைத்தால் அழாமல் என்ன செய்யும்?

"வாயத் தொறங்க சாமி, சும்மா பாக்கறது மட்டுந்தான்" என்று சொல்லித்தான் கண்ணாடியை உள்ளே வைத்தேன். கீழ்வரிசையில் வலது கடைவாய்ப்பல் பாதி உதிர்ந்து பழுப்பாக நின்றது. அதன்மேல் ஏற்கெனவே யாரோ வைத்த சிமெண்டின் மிச்சம் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கப் பல் உதிரவில்லை, ஆனால் ஒரு மேட்டில் மட்டும் மஞ்சள் திட்டு. மேலே ஒன்றில் வெள்ளைத் திட்டு, இன்னொன்று பளிங்கு மாதிரி சுத்தம். பால் பற்கள் அத்தனையும் நல்ல பற்கள், ஒரு கரும்புள்ளி கிடையாது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. நிஜமாகவே இனிப்பினால் வந்த சொத்தை என்றால், ஆறு வருஷமாக வாயில் கிடக்கும் பால் பற்களை விட்டுவிட்டு, வந்து ஒரு வருஷமே ஆன பல்லை மட்டும் தேடிப்பிடித்து அரிக்காது. அதுவும் பற்குழியிலும் பல்லிடுக்கிலும் தொடங்காமல், நாக்கும் எச்சிலும் சதா கழுவிக்கொண்டிருக்கும் பல்லின் மேட்டில் தொடங்காது.

பல்லைக் காயவைத்துப் பார்க்க எங்களிடம் காற்று ஊதும் சிரிஞ்ச் உண்டு. கல்லூரியில் எதற்கெடுத்தாலும் காற்றடித்துக் காயவைத்துப் பார் என்றுதான் பழக்குவார்கள். இந்தப் பல்லில் அதைச் செய்யக் கூடாது. பஞ்சால் லேசாக ஒற்றிவிட்டு, ஈரத்தோடே பார்க்கவேண்டும். ஒரே ஒருமுறை காற்றடித்தால் போதும், பையன் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். அதற்கப்புறம் அவன் நம்மை நம்பமாட்டான்.

ஏன் இவ்வளவு கூச்சம் என்றால், எனாமல் உருவாகிற விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தக் கடைவாய்ப்பல்லின் எனாமல் வேலை பிள்ளை பிறக்கும் சமயத்தில் தாடைக்குள் தொடங்குகிறது, இரண்டரை, மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள் முதலில் புரதத்தை வைத்து எனாமலின் முழு வடிவத்தையும் கட்டிவிடும். அப்புறம் அந்தப் புரதத்தை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்றும். நல்ல எனாமலில் எடைக்கு எடை 96 சதவீதம் தாது. நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. இந்த இரண்டாம் கட்டத்தில் இடைஞ்சல் வந்தால் புரதம் உள்ளேயே தங்கிவிடும், தாது குறைந்துவிடும். சூளையில் சரியாக வேகாத செங்கல்லுக்கும் நல்ல செங்கல்லுக்கும் அளவில் வித்தியாசம் தெரியாது, பாரம் ஏற்றினால்தான் தெரியும். இந்தப் பல்லும் அப்படித்தான். வடிவம் முழுதாக இருக்கும். எதிர்ப்பல்லோடு சேர்ந்து மெல்ல ஆரம்பித்ததும் பொடிந்து உதிரும். வேலையை முடித்த அமெலோபிளாஸ்ட் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், உதிர்ந்த எனாமலை உடம்பு மறுபடி செய்து தராது.

தாது குறைந்த எனாமலில் நுண்துளைகள் அதிகம். அதன் வழியே குளிர்ச்சியும் கிருமியும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். பல்லின் உயிர்ப்பகுதி அடங்காத புண் போல எந்நேரமும் உறுத்தலிலேயே இருக்கும். இத்தகைய பற்களை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது உள்ளே நரம்பு இழைகளே கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதனால்தான் மரத்துப்போகிற ஊசி இந்தப் பல்லில் சரியாகப் பிடிப்பதில்லை. உதடு மரத்துவிடும், நாக்கு மரத்துவிடும், டிரில்லை வைத்தால் பிள்ளை அலறும். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் "ஊசிதான் போட்டாச்சே, சும்மா அடம் பண்றான்" என்பார்கள். டாக்டரும் அப்படியே நினைத்தால் தீர்ந்தது கதை. பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கிறது. இதை ஒவ்வொரு பல் டாக்டரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

சுவீடனில் 2002-இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. இந்தப் பழுது கடுமையாக இருந்த பிள்ளைகள் ஒன்பது வயதுக்குள், மற்ற பிள்ளைகளைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாகக் கடைவாய்ப்பல்லுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் பயமும் கூடுதல். அந்த வயதில் வந்த பயம் வளர்ந்த பிறகும் போகாது. நாற்பது வயதில் முகம் வீங்கிய பிறகே வைத்தியத்துக்கு வருபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சின்ன வயதில் ஒரு நாற்காலியில் அழுந்தப் பிடித்து உட்காரவைத்த கதை அநேகமாக வந்துவிடும்.

நம் பக்கத்தில் இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பல்லில் கறை என்றாலே இங்கே எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது தண்ணீர். அந்த நினைப்புக்குக் காரணம் இருக்கிறது. கொங்கு நாடு பாறை பூமி. மழை கம்மி, ஆற்றுத் தண்ணீர் எட்டாத ஊர்களில் ஆயிரம் அடி போர் போட்டுக் குடித்த காலம் உண்டு. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு அந்தத் தண்ணீரில் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சேலம், தருமபுரிப் பக்கம் பல கிராமங்களில் அதைத் தாண்டிப் போய், ஒரு தலைமுறையே பழுப்புப் பல்லோடு வளர்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து வரும் பாதிப்பு) தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே திட்டைப் பார்த்ததும் பெரியவர்கள் "உப்புத்தண்ணிக் கறைங்க" என்பதும், டாக்டரும் அதற்குத் தலையாட்டுவதும் நடக்கிறது.

ஆனால் இரண்டும் வேறு வேறு. வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தால் போதும். ஃபுளோரைடு தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய் அந்தந்தக் காலத்தில் உருவாகும் எல்லாப் பல்லையும் தொடும். எனவே வலப்பக்கம் இருப்பது இடப்பக்கமும் இருக்கும். முன்பல்லில் குறுக்கே மெல்லிய வெள்ளை வரிகள் ஓடும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் அண்ணனுக்கும் இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கும். எம்.ஐ.எச். திட்டுக்கு எல்லை உண்டு. நல்ல எனாமல் எங்கே முடிகிறது, பழுது எங்கே தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். ஒரு பல்லில் இருக்கும், பக்கத்துப் பல்லில் இருக்காது. வலது முன்பல்லில் இருக்கும், இடதில் இருக்காது. கூடப் பிறந்தவர்களுக்கும் அநேகமாக இருக்காது. ஃபுளோரோசிஸ் லேசாக இருந்தால் பல் பார்க்கத்தான் ஒரு மாதிரி, அவ்வளவாகக் கூசாது, சொத்தையும் எளிதில் பிடிக்காது. எம்.ஐ.எச். பல் கூசும், உதிரும், உதிர்ந்த இடத்தில் சொத்தை வேகமாக இறங்கும். ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டு "கறைதான், ஒண்ணும் பண்ணாது, பெருசானா கிளீன் பண்ணிக்கலாம்" என்று அனுப்பிவிட்டால் இரண்டு வருஷத்தில் அந்தப் பல் போய்விடும்.

வீடுகளிலும் ஒன்று நடக்கிறது. கறை போகட்டும் என்று உப்பும் கரியும் வைத்து, சில வீடுகளில் செங்கல்பொடி கூட வைத்து, பிள்ளையின் முன்பல்லைத் தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திட்டு மேலே ஒட்டிய அழுக்கல்ல, எனாமலுக்கு உள்ளேயே இருப்பது. தேய்த்தால் எனாமல்தான் போகும். தண்ணீருக்குப் பயந்து ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டாகத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பழுதுபட்ட இந்தப் பல்லுக்குக் குறைந்தது 1,000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்தான் காவல். ஆறு வயதுக்கு மேல், துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷை நனைத்துக் கொடுத்தால் கூச்சம் குறைந்து, அழாமல் துலக்குவார்கள்.

சரி, டாக்டர்களுக்கு ஏன் இது தெரிவதில்லை? தெரியவே தெரியாது என்று சொல்வது நியாயமாகாது. ஆஸ்திரேலியா, நார்வே, மலேசியா, சவுதி அரேபியா என்று பல நாடுகளில் பல் டாக்டர்களிடமே இதுபற்றிக் கேள்விப் படிவம் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். இப்படி ஒன்று இருப்பது பெரும்பாலோருக்குத் தெரியும், நடைமுறையில் பார்த்தும் இருக்கிறார்கள். தடுமாறுவது அடுத்த படியில்தான். மற்ற எனாமல் பழுதுகளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும், எந்தப் பொருளை வைத்து அடைக்க வேண்டும், எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், எதை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். இதிலெல்லாம் பொது டாக்டர்களுக்கு உறுதி குறைவு, குழந்தைகள் பல் நிபுணர்களுக்குக் கூடுதல். பயிற்சி வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் நிலைமை அதுதான் என்று என்னால் சொல்லமுடியும், ஏனென்றால் அந்தப் படிப்பைப் படித்து வந்தவள் நான். எனாமல் குறைபாடு என்றால் எங்கள் தலைமுறைக்குப் பாடத்தில் அழுத்திச் சொன்னது ஃபுளோரோசிஸ். அப்புறம் குடும்ப வழியில் எல்லாப் பல்லையும் பாதிக்கும் அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. பால் பல்லின் சீழ் அடியிலிருக்கும் ஒற்றைப் பல்லைக் கெடுப்பது டர்னர் பல். பரீட்சைக்கு இவை வரும். எம்.ஐ.எச். ஒரு பத்தியில் முடிந்துவிடும். கோவை, சேலம், குமாரபாளையம், திருச்செங்கோடு என்று கொங்கு மண்டலத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே குழந்தைகள் பல் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அத்துபடி. அவர்களுக்குத் தெரிந்தது எழுபது கிலோமீட்டர் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேரவேண்டும். ஊர்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குப் போனால் இம்பிளாண்ட், லேசர், பல் சீரமைப்பு என்று வகுப்பெடுக்க ஆள் வருகிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஸ்டால் போடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப்பல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டால் அந்தத் துறைப் பேராசிரியர்கள் சந்தோஷமாக வருவார்கள். கூப்பிட்டோம், வந்தார்கள், கூட்டமும் நிறையவே வந்தது. ஆர்வம் இருக்கிறது, ஏற்பாடுதான் இல்லை.

அடைக்கிற பொருள் பற்றி என் போன்ற டாக்டர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பெற்றோரும் படித்து வைத்துக்கொண்டால் நல்லதுதான். பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் ஃபில்லிங்கை அமிலம் தடவி எனாமலில் ஒட்டவைக்கிறோம். இந்த எனாமலில் புரதம் அதிகமாக இருப்பதால் அந்த ஒட்டு சரியாகப் பிடிக்காது. ஓரம் விண்டுபோகும், ஆறு மாதத்தில் கழன்றுவிடும். பிள்ளை கடலை மிட்டாய் கடித்ததால் விழுந்தது என்று பழி போடுவார்கள். பல் இன்னும் முழுதாக முளைக்காமல், எச்சிலை ஒதுக்கிவைக்க முடியாத நிலையில் இருந்தால் முதலில் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் மூடிவைத்து, ஃபுளோரைடு வார்னிஷ் அடித்து, கூச்சத்தைக் குறைத்துவிடுவது நல்லது. டிரில் இல்லாமல், ஊசி இல்லாமல் இவ்வளவும் செய்யலாம். பிள்ளைக்கும் நாற்காலி பழகும். பாதிக்குமேல் உதிர்ந்திருந்தால் ஸ்டீல் கேப் போட்டு முழுப் பல்லையும் போர்த்திவிடுவது மேல். "பொம்பளப் புள்ளைக்கு வெள்ளிப் பல்லுங்களா?" என்று கேட்பார்கள். கடைவாயில் இருப்பது சிரித்தால் தெரியாது, வளர்ந்த பிறகு வேறு கேப் மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினால் ஒத்துக்கொள்கிறார்கள்.

ரொம்பவே சிதைந்துபோன பல் என்றால் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் எடுத்துவிடுவதும் ஒரு வைத்தியமே. அந்தச் சமயத்தில் எடுத்தால் பின்னால் தாடைக்குள் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப்பல் நகர்ந்து வந்து அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிக்கொள்ளும். எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பல்லின் வேர் பிரியும் இடம் உருவாகத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பல் சீரமைப்பு நிபுணரிடமும் ஒரு வார்த்தை கேட்டுத்தான் செய்யவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். ரூட் கேனால், கேப் என்று ஆயுசுக்கும் செலவு. காலத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முன்பல் திட்டுக்கு அவசரம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பேசினால், அது பல்லைவிடப் பெரிய விஷயம். கோயம்புத்தூரில் ரெசின் உள்ளே செலுத்தித் திட்டை மங்கவைக்கும் முறை செய்கிறார்கள். முழுக்கப் போகாவிட்டாலும் முகம் கொடுத்துச் சிரிக்கிற அளவுக்கு மாறும்.

இதில் என் மனதை மிகவும் சங்கடப்படுத்துவது அம்மாக்கள்மேல் விழும் பழி. "மாசமா இருந்தப்ப மாத்திரையை ஒழுங்கா முழுங்குனாளா? பால் குடிக்கச் சொன்னா குடிச்சாளா?" என்று மாமியார்கள் என் முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அப்படிக் கேட்பவர்களிடம் நான் விடாமல் சொல்வது இதைத்தான்: "அம்மா, இந்தப் பல்லோட எனாமல் வேலையே புள்ள பொறக்கற சமயத்துலதான் ஆரம்பிக்குது. இவங்க சாப்பிட்டதையோ சாப்பிடாததையோ காட்டி இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க." காரணம் இன்னதென்று ஒற்றை விரலை நீட்டிக் காட்ட அறிவியலால் இன்னும் முடியவில்லை. பிரசவத்தின்போது ஏற்படும் சிக்கல், முதல் மூன்று வருஷங்களில் வரும் கடுமையான காய்ச்சல், நெஞ்சுச் சளி போன்றவற்றோடு தொடர்பு தெரிகிறது. மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் மேலும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் வந்த பிள்ளைதான் ஆன்டிபயாடிக்கும் குடித்திருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். மூன்று வயதுக்குள் காய்ச்சல் வராத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? நூற்றுநாலு டிகிரி காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடி, ராத்திரியெல்லாம் ஈரத்துணி போட்டுப் பிழைக்கவைத்த அம்மாவை, ஆறு வருஷம் கழித்து ஒரு பல்லைக் காட்டிக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். டாக்டர் முதல் நாளே "இது உங்க தப்பு இல்லீங்க" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தையும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

மேலே சொன்ன பையனின் அம்மாவும் அடுத்த முறை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எட்டு மாதத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான் என்றாள். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உதிர்ந்த கீழ்ப்பல்லுக்கு ஸ்டீல் கேப், மற்ற இரண்டுக்கு வார்னிஷும் சிமெண்டும். இப்போது இரண்டு பக்கமும் மெல்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதில் அவன் அம்முச்சி என்னைவிடக் கறார்.

முன்கூட்டியே எச்சரிக்கை தரும் பல்லும் ஒன்று உண்டு. பால் கடைவாய்ப்பற்களில் கடைசியாக இருப்பது, இரண்டரை வயது வாக்கில் முளைப்பது. அதிலும் இதே மாதிரி எல்லை தெரியும் திட்டு வருவதுண்டு. அப்படி வந்த பிள்ளைகளுக்கு ஆறு வயதுப் பல்லிலும் பழுது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று நெதர்லாந்தில் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். அங்கன்வாடி வயதிலேயே அந்தப் பல்லைப் பார்த்துவிட்டால், நிரந்தரப் பல் முளைக்கும்போதே தயாராக இருக்கலாம். பிள்ளைகளின் உடல்நலக் குறைபாடுகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போகின்றன. அவர்கள் பார்க்கவேண்டிய குறைபாடுகளில் பல் நோயும் உண்டு. வண்டியும் ஆளும் ஏற்கெனவே இருக்க, எந்தப் பல்லை, எதற்காகப் பார்ப்பது என்பதை அந்தக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பள்ளிகளில் பல் முகாம் நடத்தும்போது நாங்கள் நிரப்பும் படிவம் ஒன்று இருக்கிறது. சொத்தை, எடுத்த பல், அடைத்த பல் என்று மூன்று கட்டம். எம்.ஐ.எச். பல்லைப் பார்த்தாலும் முகாமுக்கு வரும் இளம் டாக்டர்கள் சொத்தைக் கட்டத்தில்தான் போடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வேறு கட்டம் இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு இது இருக்கிறது என்ற கணக்கு அங்கேயே தொலைந்துவிடுகிறது. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் முகாம் போட்டபோது நானே பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, "எல்லை தெரியும் திட்டு, எந்தப் பல்" என்று எழுதிக் கொடுத்தேன். இன்டர்ன்ஷிப் பையன்களுக்கு மொபைலில் நாலு படம் காட்டினேன்: எம்.ஐ.எச்., ஃபுளோரோசிஸ், சொத்தை, நல்ல பல். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர்களுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. "மேடம், இது அது இல்ல" என்று ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு டீச்சர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கழி மாதம் காலையில் குழாய்த் தண்ணீர் குடிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களை முதலில் பாருங்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் முன்னால் நிறுத்தினார். அவர் கைகாட்டிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாலாவது கட்டத்தில்தான் எழுதவேண்டியிருந்தது. அடுத்த முகாமுக்குப் படிவத்தை அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்தோடு "குளிர்ந்த தண்ணீர் கூசுகிறதா" என்று வகுப்பாசிரியர் நிரப்ப ஒரு கேள்வியையும் சேர்க்கிறோம். படிவம் வேண்டும் என்கிற டாக்டர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.